பெற்றவளையே யாரென்று கேட்ட பிள்ளை

எங்கள் குடும்பத்தில் காதுகுத்து, கல்யாணம் என்று நாலுபேர் கூடினால் தவறாமல் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. 1953ஆம் ஆண்டில், என் அம்மாவுக்கு இரண்டரை வயதாக இருந்தபோது, அம்மாச்சிக்குக் காசநோய் என்று தெரியவந்தது. அம்மாச்சியைச் சென்னைக்குப் பக்கத்தில் ஒரு சானடோரியத்தில் சேர்த்துவிட்டு, அம்மாவைப் புதுக்கோட்டைக்கு அருகே ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த பெரியம்மாவிடம் கொண்டுபோய் விட்டார்கள். முதல் சில நாள் பிள்ளை வாசல் கதவைத் திறந்துவிடச் சொல்லி வீடே அதிரும்படி அழுததாம். பிறகு அழுகை அடங்கி, திண்ணைத் தூணைக் கட்டிக்கொண்டு சாலையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்ததாம், சோறு இறங்கவில்லையாம். அதற்கும் பிறகு எல்லாம் சரியாகிவிட்டதாம். "அம்மாங்குற பேச்சையே எடுக்கல, அவ்வளவு சமத்து" என்பார்கள்.

பதினோரு மாதம் கழித்து உடம்பு தேறிய அம்மாச்சி மாட்டுவண்டியிலிருந்து இறங்கி, இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாராம். பிள்ளை பெரியம்மாவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "இது யாரு?" என்று கேட்டதாம். இந்த இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். "பெத்தவளையே யாருன்னு கேட்டவ" என்று அம்மாவின் தோளில் தட்டுவார்கள். அம்மாவும் சிரிப்பார். நாற்பது வயதுவரை நானும் சிரித்திருக்கிறேன்.

அந்தச் சிரிப்பு எனக்கு நின்றுபோனது ஓர் ஆலோசகரின் அறையில். தூக்கம் வரவில்லை என்று சொல்லிக்கொண்டுதான் கவுன்சிலிங்குக்குப் போகத் தொடங்கினேன். உண்மையான காரணங்கள் இங்கே தேவையில்லை. எட்டு மாதம் வாரந்தவறாமல் போய்வந்த பிறகு, ஆலோசகர் மூன்று வாரம் விடுப்பில் போவதாக முன்கூட்டியே சொன்னார். "நல்லபடியா போயிட்டு வாங்க மேடம்" என்று வாழ்த்திவிட்டு வந்தேன். அந்த மூன்று வாரத்தில் அவரைப்பற்றி ஒருமுறைகூட நினைக்கவில்லை என்பதில் எனக்குச் சின்னப் பெருமைகூட இருந்தது. அவர் திரும்பி வந்த வாரம் சந்திப்பு நாளையே மறந்துவிட்டேன். அடுத்த வாரம் இருபது நிமிடம் தாமதமாகப் போய், அலுவலகத்தில் நடக்கும் தணிக்கையைப் பற்றி விடாமல் பேசிக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு மூச்சு இடைவெளியில் அவர், "நான் போனதைவிட, திரும்பி வந்ததுதான் உங்களுக்குச் சிரமமா இருக்கோ?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. வீட்டுக்கு வரும் வழியில், பேருந்தில், சேலைக்குள் முகம் புதைத்த, மூன்றரை வயதை நெருங்கிய பிள்ளை நினைவுக்கு வந்தது.

அதன் பிறகுதான் இதைப்பற்றிப் படிக்கத் தொடங்கினேன். படிக்கப்படிக்க ஒன்று உறுதியாயிற்று: பிணைப்பு என்பதை, தன்னை வளர்ப்பவர்மேல் பிள்ளைக்கு உண்டாகும் அந்த ஒட்டுதலை, நாம் வழக்கமாகப் பிரிவின்போது தேடுகிறோம், யார் அதிகம் அழுதார்கள் என்று பார்க்கிறோம். அது தன் உண்மையான முகத்தைக் காட்டுவது, போனவர் திரும்பி வரும்போதுதான்.

அம்மாச்சி சானடோரியம் போவதற்கு முந்தைய ஆண்டு, 1952இல், லண்டனில் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் ஒரு படம் எடுத்தார். இவர் மருத்துவர் அல்லர். போர்க்காலத்தில் உளப்பகுப்பாய்வாளர் ஆனா ஃபிராய்டு லண்டனின் ஹாம்ப்ஸ்டெட்டில் நடத்திய குழந்தைகள் காப்பகத்தில் கொதிகலனைப் பார்த்துக்கொள்வதும் பழுதுபார்ப்பதுமாக வேலையில் இருந்தவர். அங்கே எல்லா ஊழியர்களும், அவர் உட்பட, குழந்தைகளைப் பற்றிக் கண்டதை அட்டைகளில் எழுதிவைக்க வேண்டும் என்பது விதி. அப்படித்தான் அவருக்குக் குழந்தைகளைக் கூர்ந்து பார்க்கும் பழக்கம் வந்தது. 1948இல் டாவிஸ்டாக் மனநல நிலையத்தில் மனநல மருத்துவர் ஜான் பௌல்பியோடு சேர்ந்து, மருத்துவமனைகளில் தனியே விடப்பட்ட சிறு குழந்தைகளைக் கவனிக்கத் தொடங்கினார். பெற்றோர் வாரத்துக்கு ஒருமுறை வந்து பார்ப்பதே அதிகம் என்று பல மருத்துவமனைகள் கருதிய காலம் அது. வந்து பார்த்தால்தான் பிள்ளை அழுகிறது, வராவிட்டால் அமைதியாக இருக்கிறது, ஆகவே வராமல் இருப்பதே பிள்ளைக்கு நல்லது என்பது அவர்கள் வாதம். வாதத்தில் பொய் இல்லை. பிள்ளைகள் உண்மையிலேயே அமைதியாகத்தான் இருந்தார்கள்.

ராபர்ட்சன் சொன்னதை யாரும் நம்பவில்லை. ஆகவே, முன்பின் தொட்டிராத திரைப்படக் கருவி ஒன்றைக் கையில் எடுத்தார். தொப்புள் குடலிறக்க அறுவைக்காக எட்டு நாள் மருத்துவமனையில் இருந்த, இரண்டு வயது ஐந்து மாதமான லாரா என்ற சிறுமியைப் படம்பிடித்தார். அழுகிற நேரமாகப் பார்த்து எடுத்தார் என்ற குற்றச்சாட்டு வரக்கூடாது என்பதற்காக, ஒவ்வொரு நாளும் முன்பே குறித்துவைத்த நேரத்தில், சுவர்க்கடிகாரம் தெரியும்படி எடுத்தார். லாரா அதிகம் அழுகிற குழந்தையே இல்லை. தன் பழைய துணியையும் கரடிப் பொம்மையையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, முகத்தை இயல்பாக வைத்துக்கொள்ள முயன்றபடி, அம்மா எங்கே என்று அவ்வப்போது கேட்கிறாள். பதிலுக்குக் காத்திராமல் பேச்சை மாற்றுகிறாள். வீட்டுக்குப் போகும் நாளில் தன் சாமான்களையெல்லாம் திரட்டிக்கொண்டு நடக்கிறாள். அம்மா நீட்டும் கையை மட்டும் பிடிக்க மறுக்கிறாள். சில மாதம் கழித்துத் தற்செயலாக அந்தப் படத்தின் ஒரு பகுதி அவள் கண்ணில் பட்டபோது, நீ எங்கே போயிருந்தாய் என்று அம்மாவிடம் கோபத்தோடு கேட்டு அழுதுவிட்டு, ஆறுதலுக்கு அப்பாவிடம் போனாளாம்.

1952 நவம்பரில் லண்டனில் மருத்துவர்கள் கூடிய அவையில் படம் திரையிடப்பட்டபோது, மருத்துவர்களையும் செவிலியர்களையும் அவமதித்துவிட்டார் என்று கொந்தளித்தார்கள். ராபர்ட்சன் தாம் கண்டதை மூன்று கட்டங்களாக வகுத்திருந்தார். முதலில் எதிர்ப்பு, பிறகு நம்பிக்கையிழப்பு, அதன்பின் பற்றறுத்தல். மூன்றாம் கட்டத்தைத்தான் மருத்துவமனைகள் 'பழகிவிட்டது' என்று எழுதிவைத்தன. கதவைத் தட்டி அழுதது, தூணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தது, 'சமத்து' ஆனது என்று எங்கள் வீட்டுக் கதையும் அதே வரிசையில்தான் இத்தனை காலம் சொல்லப்பட்டு வந்திருக்கிறது. ஒரு கட்டத்தைக்கூட யாரும் விட்டுவிடவில்லை. பொருள் மட்டும்தான் தலைகீழாக இருந்தது.

சமத்து என்ற சொல்லின்மேல் எனக்கு அன்றிலிருந்து ஒரு சந்தேகம் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆனால் நம் பேச்சுவழக்கைக் குறை சொல்வதற்கில்லை. எட்டு மாதக் குழந்தை புதியவர் கைக்குப் போகாமல் முகம் கோணினால் 'வேத்துமுகம் வந்திருச்சு' என்பார்கள் எங்கள் ஊர்க் கிழவிகள். பல் முளைப்பதைச் சொல்வதுபோல, வளர்ச்சியின் ஒரு படியாகவே அதைச் சொல்வார்கள். ஒருவரைத் தன்னவர் என்று அறிந்த பிறகுதான் மற்றவர் வேற்றுமுகம் ஆக முடியும் என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. காரணம் தெரியாமல் மெலியும் பிள்ளையைப் பார்த்து 'ஏங்கிப்போச்சு' என்பதும் அப்படித்தான். ஏக்கத்தை உடம்பு படும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஏக்கம் அடங்கியபின் மிஞ்சுகிற அமைதிக்கு மட்டும் சொல் கிடைக்காமல், நல்ல குணத்தின் பெயரை எடுத்துச் சூட்டிவிட்டார்கள் போலும்.

திரும்பிவருவதைப் பார்க்க வேண்டும் என்பதை ஓர் ஆய்வுமுறையாகவே ஆக்கியவர் மேரி எய்ன்ஸ்வொர்த் என்ற உளவியலாளர். 1954இல் கணவருடைய வேலையை முன்னிட்டு உகாண்டாவுக்குப் போனவர், கம்பாலாவைச் சுற்றியிருந்த ஊர்களில் 26 குடும்பங்களின் வீட்டுக்கு முறைவைத்துப் போய், மொழிபெயர்ப்பாளர் உதவியோடு தாய்மாரோடு பேசிக் குழந்தைகளைக் கவனித்தார். பால் மறக்கடிக்கும்போது குழந்தையைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடும் வழக்கத்தை ஆராயத்தான் முதலில் எண்ணியிருந்தார்; அது அநேகமாக வழக்கொழிந்திருந்தது. வேப்பெண்ணெய் தடவிப் பால் மறக்கடிக்கும் ஊரிலிருந்து வந்த எனக்கு அந்தப் பக்கம் அந்நியமாகத் தோன்றவில்லை. தாய் திரும்பி வரும்போது, அந்தப் பகுதியின் கண்டா இனக் குழந்தைகள் கைதட்டி வரவேற்றதை அவர் குறித்துவைத்திருக்கிறார். அமெரிக்கக் குழந்தைகள் கட்டிக்கொள்ளும்; இவை கைதட்டின. வடிவம் ஊருக்கு ஊர் மாறியது, வரவேற்பு இருந்தது.

பிற்பாடு அமெரிக்காவின் பால்டிமோரில் அவர் வகுத்த சோதனை இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். ஒரு வயதுக் குழந்தையும் தாயும் விளையாட்டுச் சாமான்கள் உள்ள அறையில் இருப்பார்கள்; முன்பின் தெரியாத ஒருவர் வருவார்; தாய் இருமுறை வெளியே போய், இருமுறை திரும்பி வருவார். சில குழந்தைகள் அழுது, தாய் வந்ததும் ஓடி ஏறிக்கொண்டு, சற்று நேரத்தில் இறங்கி விளையாடப் போயின. சில, தூக்கச் சொல்லிக் கை நீட்டிவிட்டு, தூக்கினால் உதைத்தன. இன்னும் சில, தாய் போனபோதும் அழவில்லை, வந்தபோதும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கையிலிருந்த பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தன. இந்தக் கடைசி வகைக் குழந்தைகளைத் தன்னிறைவு உடையவை என்று எவரும் நினைக்கக்கூடும். பிறகு வேறு ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட குழந்தைகளின் இதயத்துடிப்பை அளந்தபோது, முகத்தில் தெரியாத பதற்றம் துடிப்பில் தெரிந்தது. என் அலுவலகத் தணிக்கை, அந்தப் பொம்மை என்று எனக்குப் புரிந்தது.

இதையெல்லாம் படித்துவிட்டு, எல்லாக் கணக்கையும் தாய்மார் தலையில் எழுதிவிடுகிற போக்கும் உண்டு. 1951இல் உலக சுகாதார அமைப்புக்காகப் பௌல்பி எழுதிய அறிக்கையை, வேலைக்குப் போகும் பெண்களை வீட்டுக்குத் திருப்பி அனுப்பப் பலர் பயன்படுத்திக்கொண்டார்கள். அறிக்கையிலேயே, தாய் அல்லது தாயின் இடத்தில் நிலையாக இருக்கும் ஒருவர் என்றுதான் இருக்கிறது. அந்த 'அல்லது' யார் கண்ணிலும் படவில்லை. ராபர்ட்சனும் அவர் மனைவி ஜாய்ஸும் பின்னாளில் நான்கு சிறு குழந்தைகளைத் தாய் பிரசவத்துக்குப் போயிருந்த நாட்களில் தங்கள் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். தாயைப் பற்றி நாள்தோறும் பேசினார்கள். அந்தக் குழந்தைகள் பெரிதாக உடைந்துபோகவில்லை. அதே சமயம், ஆள் மாறிக்கொண்டேயிருக்கும் ஒரு காப்பகத்தில் ஒன்பது நாள் விடப்பட்ட ஜான் என்ற பதினேழு மாதக் குழந்தை, அழைத்துப்போக வந்த தாயிடமிருந்து திமிறி அலறியது. கூட்டுக் குடும்பத்தில் தூக்கிக்கொள்ள ஆள் இருந்தது என்று நாம் பெருமைப்படுவதில் நியாயம் இருக்கிறது, அந்த ஆள் மாறாமல் இருந்திருந்தால்.

ஆலோசகர் அறைக்கு வருகிறேன். பௌல்பி தம் கடைசிக் காலத்தில், 1988இல் வெளிவந்த நூலில், மனநல சிகிச்சை அளிப்பவரின் முதல் வேலை நோயாளிக்குப் பாதுகாப்பான ஒரு தளமாக இருப்பது என்றார். குழந்தை மடியிலிருந்து இறங்கிப் போய், பார்த்துவிட்டு, பயந்தால் ஓடிவந்து, மறுபடி போகிறதே, அந்த மடி. இதைக் கேட்டதும் எனக்குத் தோன்றிய முதல் கேள்வி கொச்சையானது: காசு கொடுத்து மடி வாங்க முடியுமா? ஒரு மணிக்கு இவ்வளவு என்று எண்ணிக் கொடுத்துவிட்டு, அவர் என்மேல் அக்கறையோடு இருக்கிறார் என்று நம்புவது ஏமாளித்தனம் இல்லையா? இந்தக் கேள்வியை மாதக்கணக்கில் உள்ளே வைத்திருந்து ஒருநாள் அவரிடமே கேட்டேன். "நீங்க கொடுக்கிற பணம் என் நேரத்துக்கு. அந்த நேரத்துல உங்களைப் பத்தி எனக்கு என்ன தோணுதுங்கிறதுக்கு யாரும் பணம் கொடுக்க முடியாது" என்றார். அது கெட்டிக்காரத்தனமான பதில் என்றுதான் அன்று நினைத்தேன்.

பணத்தால் எனக்குக் கிடைத்தது வேறொன்று என்பது மெல்லத்தான் தெரிந்தது. அவரை நான் கவனித்துக்கொள்ள வேண்டியதில்லை. அவருக்குத் தலைவலியா, வீட்டில் சண்டையா, நான் சொல்வதைக் கேட்டு வருந்துவாரா என்று அளந்து பேச வேண்டியதில்லை. நம் வீடுகளில் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் இடையே இந்தச் சலுகை அபூர்வம். பத்து மாதம் சுமந்த கணக்கு எப்போதும் திறந்த ஏடாகவே கிடக்கிறது, பிள்ளை பேச்சு வருமுன்பே வட்டி கட்டத் தொடங்கிவிடுகிறது. சிகிச்சை உறவு சமமானது இல்லை என்று குறைப்படுகிறவர்கள் உண்டு. கைக்குழந்தையோடு தாய்க்குள்ள உறவும் சமமானது இல்லை. அந்த ஏற்றத்தாழ்வு ஒருவர் நலனுக்காக மட்டுமே இருக்கிறதா என்பதுதான் பார்க்கவேண்டியது. இருக்காவிட்டால் அதைவிட ஆபத்தான உறவு வேறில்லை. தன்னை நாடி வந்தவரின் ஒட்டுதலைத் தன் தனிமைக்கோ வேறு பசிக்கோ தீனியாக்கிக்கொள்ளும் ஆலோசகர்கள் இந்தத் தொழில் தோன்றிய நாள்முதல் இருந்திருக்கிறார்கள். 1915இலேயே, உளப்பகுப்பாய்வைத் தோற்றுவித்த சிக்மண்ட் ஃபிராய்டு இதற்கென்று ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது: நோயாளிக்கு வரும் காதலுக்கு மருத்துவர் இணங்கவும் கூடாது, அதை அதட்டி அடக்கவும் கூடாது, அது எங்கிருந்து வருகிறது என்று இருவருமாகப் பார்க்க வேண்டும் என்று.

ஒருமுறை என் தம்பியின் பெயரை அவர் மாற்றிச் சொல்லிவிட்டார். சிறிய விஷயம். நான் அந்தக் கணமே உள்ளே கதவைச் சாத்திவிட்டேன்; புன்னகையோடு பேசிக்கொண்டும் இருந்தேன். அடுத்த வாரம் அவரே அதை எடுத்து, "போன வாரம் தப்பாச் சொல்லிட்டேன். அதுக்கப்புறம் நீங்க இங்க இல்ல" என்றார். நல்ல தாய்க்கும் சேய்க்கும் இடையேகூட முகமும் குரலும் சரியாக இசைந்து வருவது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நேரம்தான், மீதியெல்லாம் தவறுவதும் சரிசெய்துகொள்வதுமாகவே போகிறது என்று எட் ட்ரானிக் என்ற உளவியலாளர் கண்டு சொல்லியிருக்கிறார். சரிசெய்யும் அந்தப் பகுதியை நான் என் வாழ்நாளில் அதிகம் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் சண்டை முடிந்ததற்கு அடையாளம், தட்டில் கூடுதலாக வந்து விழும் ஒரு தோசை. அதுவும் ஒரு மொழிதான். ஆனால் என்ன நடந்தது என்பதை அந்தத் தோசை சொல்லாது.

அம்மா அப்படித்தான் எங்களை வளர்த்தார். சோற்றில் குறை வைத்ததில்லை, காய்ச்சலென்றால் விடியவிடிய உட்கார்ந்திருப்பார். ஆனால் விடுதிக்குப் புறப்படும் நாட்களில் வாசலுக்கு வரமாட்டார். அடுப்படியில் ஏதாவது வேலை இருக்கும். விடுமுறைக்குத் திரும்பி வந்தால், "வந்துட்டியா" என்பதோடு சரி, அரைநாள் முகம் கொடுக்கமாட்டார். என்மேல் கோபமோ என்று நான் எத்தனையோ முறை நினைத்ததுண்டு. பெற்றோரிடம் அவர்களுடைய சிறுவயதைப் பற்றி நீண்ட நேர்காணல் செய்யும் முறையொன்றை மேரி மெய்ன் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 1980களில் உருவாக்கினார்கள். என்ன நடந்தது என்பதைவிட, அதை எப்படிச் சொல்கிறார்கள் என்பதற்கும் அவர்களுடைய குழந்தையின் பிணைப்புக்கும்தான் நெருங்கிய தொடர்பு தெரிந்தது. கொடுமையான சிறுவயதைக் கோவையாக, வலியை மறைக்காமல் சொல்ல முடிந்தவர்களின் குழந்தைகள் பெரும்பாலும் பாதுகாப்போடு இருந்தன. எல்லாம் நன்றாகத்தான் இருந்தது என்று சிரித்துக் கடந்தவர்களின் குழந்தைகள் பெரும்பாலும் பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தன.

1959இல் இரண்டு காரியங்கள் நடந்தன. மருத்துவமனையிலுள்ள குழந்தைகளைப் பெற்றோர் தடையின்றி வந்து பார்க்க வேண்டும் என்று இங்கிலாந்தில் பிளாட் குழு பரிந்துரைத்தது. அதே ஆண்டு, சென்னையில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு வெளியாயிற்று. 193 காசநோயாளிகளில் ஒரு பாதியினரைச் சானடோரியத்திலும் மறுபாதியினரை அவரவர் நெருக்கடியான வீடுகளிலும் வைத்து ஓராண்டு மருந்து கொடுத்துப் பார்த்ததில், வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமடைந்தார்கள். அதனால் வீட்டிலிருந்த மற்றவர்களுக்கு நோய் தொற்றும் ஆபத்தும் கூடவில்லை. சேத்துப்பட்டில் நடந்த அந்த ஆய்வு உலகெங்கும் சானடோரியங்களின் காலத்தை முடித்துவைத்தது. பிள்ளைகளை அம்மாக்களிடமிருந்து பிரிக்காமல் இருக்க உதவிய கண்டுபிடிப்பு என்று அதை எவரும் சொல்லி நான் கேட்டதில்லை. எங்கள் வீட்டுக்கு அது ஆறு வருடம் தாமதம்.

சென்ற தைப் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, லாராவைப் பற்றியும் அவள் பிடிக்க மறுத்த கையைப் பற்றியும் அம்மாவிடம் சொன்னேன். பயந்துகொண்டுதான் சொன்னேன். பயறு புடைத்துக்கொண்டே கேட்டார். அம்மாச்சியைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"அம்மா வந்ததெல்லாம் எனக்கு ஞாபகமே இல்லடி. அவங்க சொல்லிச் சொல்லித்தான் தெரியும். பெரியம்மா வீட்ல இருந்து கூட்டிட்டுப் போன நாள்தான் ஞாபகம் இருக்கு. ஊருக்குப் போறோம்னுதான் சொன்னாங்க. அங்கேயே இருந்துரப் போறோம்னு யாரும் சொல்லல."

இத்தனை காலமாக நாங்கள் தவறான பிரிவின் கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறோம். பௌல்பிக்கும் இப்படியொன்று உண்டு. செல்வந்தர் வீட்டுப் பிள்ளையான அவர் தம் தாயைப் பார்த்தது தேநீருக்குப் பிறகு நாளுக்கு ஒரு மணி நேரம், வளர்த்தவள் தாதி. அவருக்கு நான்கு வயதாகும் சமயத்தில் தாதி வேலையை விட்டுப் போய்விட்டாள். அது யாருடைய கணக்கிலும் இழப்பாகப் பதிவாகியிருக்காது.

"பெரியம்மா அழுதாங்களா?" என்று கேட்டேன்.

அம்மா முறத்தைக் கீழே வைத்தார். "தெரியல. வண்டியில உக்காந்தேன். நான் திரும்பிப் பாக்கல."

பிறகு, என் பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போனார்.